புள்ளி தெரியாத திரை: பார்வை மங்கிவரும் அத்தைக்கு ஒரு கணினி

அத்தைக்கு 71 வயது. திருச்சி உறையூரில் தனியாக இருக்கிறார். தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, 58 வயதில் ஓய்வு பெற்றவர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ஓய்வுக்குப் பிறகு அவர் வீட்டுத் திண்ணை தெருவுக்கே மனு எழுதும் இடமாகிவிட்டது. பட்டா பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை, குடிநீர் இணைப்பு, எரியாத தெருவிளக்கு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் உட்கார்ந்து டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, எந்த அதிகாரிக்கு எந்த நகல் போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார். காசு வாங்க மாட்டார்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவன். அத்தைக்குக் கண் மங்குகிறது, எழுத்தெல்லாம் பெரிசாகத் தெரிகிற மாதிரி கணினியை மாற்றிக் கொடு என்று அப்பா சொன்னபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று. முதல் நாள் செய்ததில் பெரும்பகுதியைப் பிறகு நானே பிரித்துப் போட வேண்டியிருந்தது. இதே நிலையில் அம்மாவோ தாத்தாவோ இருக்கும் வீடுகள் நிறைய. எங்கே தவறினேன், எது பிடித்தது என்பதை உள்ளபடி எழுதுகிறேன்.

கண்ணின் நிலை

முதல் அறிகுறி கோலத்தில்தான் தெரிந்தது. மார்கழி விடியலில் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் நடு வரிசை வளைந்து கிடந்ததாம். "நேராத்தான்டா வெச்சேன். நடுவுல குழி விழுந்த மாதிரி இருந்துச்சு. அழிச்சுட்டு மறுபடி வெச்சேன், அப்பவும் வளையுது." கண் மருத்துவர்கள் இதைச் சோதிக்க ஆம்ஸ்லர் கட்டம் என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். சதுரக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்க்கும்போது சுற்றியுள்ள கோடுகள் நெளிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு இருக்கலாம். அத்தை வாசலில் வைத்த கோலமே அவருக்கு ஆம்ஸ்லர் கட்டமாகிவிட்டது. அது தெரியாமல் கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று மூன்று மாதம் ஓட்டிவிட்டோம். நேர்கோடு வளைந்து தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், அன்றே விழித்திரை மருத்துவரிடம் போங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

வயது சார்ந்த விழித்திரை மையச் சிதைவு என்றார்கள். இடது கண்ணில் உலர் வகை, மெதுவாகத் தேயும். வலது கண்ணில் ஈர வகை. இரத்தக் குழாய்கள் தப்பான இடத்தில் முளைத்துக் கசிவது அது. கண்ணுக்குள் ஊசி போட்டுக் கசிவை நிறுத்தினார்கள். ஆனால் போன பார்வை பெரிதாகத் திரும்பவில்லை.

இந்த நோயில் முழு இருட்டு வருவதில்லை. பக்கப் பார்வை தங்கிவிடும். போவது நடுப்பகுதிதான், ஆனால் வாசிக்கவும், முகத்தை அடையாளம் காணவும், ஊசியில் நூல் கோக்கவும் அந்த நடுப்பகுதிதான் வேண்டும். "நிலைப்படி தெரியுது, நிக்கிற ஆள் தெரியுது, மூஞ்சி மட்டும் அழிஞ்சிருக்கு" என்பார் அத்தை. என்னைப் பார்க்கும்போது என் இடது காதுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்ப்பது போல இருக்கும். உண்மையில் என்னைத்தான் பார்க்கிறார், விழித்திரையில் மிச்சமிருக்கும் நல்ல இடத்தைக் கொண்டு.

இதைக் கணினிக்காரர்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், பார்வைக் குறைவு என்பது ஒரே பொருள் அல்ல. கண் நீர் அழுத்த நோய் வந்தவருக்கு இதற்கு நேரெதிராக நடக்கும். ஓரம் போய், குழாய் வழியாகப் பார்ப்பது போல நடு மட்டும் நிற்கும். அவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் அந்தக் குழாய்க்குள் இரண்டு எழுத்துதான் அடங்கும். கண்புரை உள்ளவருக்குக் கூச்சம்தான் எதிரி. எந்த நோய், எந்தப் பகுதி மிச்சம் என்று கேட்காமல் யார் வீட்டிலும் திரையைத் தொடக்கூடாது என்பதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

முதல் ஞாயிறு

விண்டோஸ் 11 போட்டேன். எழுத்தளவை அது அனுமதிக்கும் உச்சமான 225 சதவீதத்துக்கு ஏற்றினேன். உருப்பெருக்கியை 400 சதவீதத்தில் வைத்தேன். கறுப்புப் பின்னணி. மவுஸ் அம்புக்குறியை மஞ்சளாக்கி மிகப் பெரிதாக்கினேன். திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் மென்பொருளை ஸ்கிரீன் ரீடர் என்பார்கள். விண்டோஸோடு வரும் நரேட்டரையும் ஓடவிட்டு, என்விடிஏ என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரையும் நிறுவினேன். கணினி தானே எழும்போது இரண்டும் சேர்ந்து எழும்படி வைத்திருந்தேன் என்பதை நான் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். மானிட்டர் மேல் ஒரு பழைய துண்டு மூடியிருந்தது.

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசுறாங்கடா. ஒருத்தன் சொல்றது முடியறதுக்குள்ள இன்னொருத்தன். கையை வெச்சா திரையே ஓடிப்போயிடுது. எங்க இருக்கேன்னே தெரியல."

400 சதவீதப் பெருக்கத்தில் கண்ணில் படுவது திரையின் 16இல் ஒரு பங்கு. மீதி வெளியே. அம்புக்குறியை நகர்த்தினால் திரை முழுதும் அதன் பின்னால் ஓடும். நல்ல கண் உள்ளவர்களுக்கே தலை சுற்றும். நடுப்பார்வை இல்லாதவர், ஓடும் எழுத்தை ஓரக்கண்ணால் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். அவரிடம் கணினியில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை. அந்தத் துண்டைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது.

கேட்டபோது

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டேன். நாலு விஷயம் சொன்னார். மனு டைப் செய்ய வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு மெயில் போட வேண்டும். காலையில் பேப்பர் படிக்க வேண்டும். பேத்தி படத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நான் திறந்துவைத்திருந்த கதவுகள் எத்தனை, அவருக்குத் தேவைப்பட்டவை எத்தனை!

பிறகு, சும்மா ஒரு மனு அடிச்சுக் காட்டுங்க அத்தை என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு ஆள்காட்டி விரல்களும் விசைப்பலகையின் மேல் ஒரு நொடி தடவி, எஃப், ஜே கீகளில் இருக்கும் சிறு மேட்டைக் கண்டுபிடித்து நின்றன. அடுத்து பத்து விரலும் ஓடின. கண் ஜன்னலுக்கு வெளியே, முருங்கை மரத்தின் பக்கம் இருந்தது. "அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள்" என்று ஒரு முழு மனுவின் தலைப்பகுதி திரையில் வந்து நின்றது. இரண்டே பிழை.

இன்ஸ்டிட்யூட்டில் கீயைப் பார்த்து அடித்தால் வாத்தியார் கையில் ஸ்கேலால் போடுவாராம். "யளனக, யளனக" என்று அதே நாலு கீகளை மாதக்கணக்கில் அடித்த விரல்கள். கண்ணுக்கு வேலையே கொடுக்காமல் பழகிய ஒரு திறமை ஐம்பது வருடமாக அந்த விரல்களில் இருக்கிறது. நான் அதைப் பார்க்காமல், கெட்டுப்போன கண்ணையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று முடிவு செய்தோம்: எழுதுவது விரலுக்கு. வாசிப்பது காதுக்கு. படம் பார்க்கவும், திரையில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளவும் மட்டும் கண்.

திரை

கண்ணுக்கு வேலை குறைந்ததும் திரையை அமைப்பது எளிதாயிற்று. 27 அங்குல மானிட்டர், முழு எச்டி. அதே அளவில் 4கே வாங்க வேண்டாம். புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் எல்லாமே சிறிதாகிவிடும், அதைப் பெரிதாக்க மறுபடி அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும். மானிட்டரைவிட அதைப் பிடித்திருக்கும் கைதான் முக்கியமாகப் போயிற்று. மேசை ஓரத்தில் இறுக்கி, மானிட்டரை முகத்துக்கு அருகே இழுத்துக்கொள்ளும் இரும்புக் கை. 60 செ.மீ. தூரத்தில் இருப்பதை 30 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்கு எழுத்து இரண்டு மடங்காகிவிடும். எந்த மென்பொருளும் வேண்டாம், திரையில் எதுவும் வெளியே தள்ளப்படாது. அருகில் பார்ப்பதற்கான கண்ணாடியை மருத்துவரிடம் கேட்டு அந்தத் தூரத்துக்குத் தக்கபடி வாங்கிக்கொண்டோம். அத்தை முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பதால் மானிட்டரையும் நேராக வைக்காமல் சற்று ஓரமாக வைத்தோம்.

முன்பு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மேசையை 90 பாகை திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி செய்தோம். டியூப் லைட் திரையில் கோடாக விழுந்தது. அதையும் இடம் மாற்றினோம். ஒரு பைசா செலவில்லாத இந்த வேலைகளால் எழுத்தளவை 225இலிருந்து 150க்கு இறக்க முடிந்தது.

கறுப்புப் பின்னணி விஷயத்தில் ஒரு பாடம். உருப்பெருக்கியில் கன்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றையும் அழுத்தினால் திரையின் நிறங்கள் தலைகீழாகும். வெள்ளைக் கூச்சம் போய்விடும், வசதிதான். ஆனால் பேத்தி படத்தைத் திறந்ததும் அத்தை பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். குழந்தையின் பல் கறுப்பு, முடி வெள்ளை, முகம் நீலம். பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி. நிறத்தைத் திருப்பினால் படமும் திரும்பும். அமைப்புகளில் இருக்கும் உயர் மாறுபாட்டுத் தீம்கள் அப்படி இல்லை. எழுத்தையும் பின்னணியையும் மட்டும் மாற்றும், படத்தை விட்டுவிடும். பின்னணி கறுப்பு, எழுத்து இளமஞ்சள் என்று நாங்களே நிறம் பொறுக்கிவைத்தோம்.

மவுஸை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். டாஸ்க்பாரில் நாலே நாலு நிரல்கள், அவர் சொன்ன வரிசையில். விண்டோஸ் கீயோடு 1 அழுத்தினால் மனு. 2 மெயில். 3 பேப்பர். 4 படம். டாஸ்க்பாரில் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த எண்ணில் திறக்கும் இந்த வசதி விண்டோஸில் பல வருடமாக உண்டு. கடையில் வருபவர்களிடம் கேட்டால் பத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்.

விசைப்பலகையில் பொட்டு

ஸ்கிரீன் ரீடருக்குக் கட்டளை கொடுக்க இன்சர்ட் கீ வேண்டும். அது டெலிட் கீக்கு மேலேயே இருக்கிறது. தடவிப்போய் டெலிட்டை அழுத்திவிடுவார். தொட்டு அடையாளம் காணும் ஒட்டிகள் ஆன்லைனில் விற்கிறார்கள், வர ஒரு வாரம் ஆகும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை எழுந்துபோய்க் கண்ணாடி அருகிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொண்டுவந்தார். கல் வைத்த பொட்டு. இன்சர்ட்டில் ஒன்று, அவர் அடிக்கடி தேடும் எஃப் 9இல் ஒன்று. விரல் பட்டதும் தெரிந்தது.

திருச்சி வெயிலில், விரல் வியர்வையில் பொட்டு பத்து நாளில் வழுக்கிவிட்டது. பிறகு குழாய்க் கசிவு அடைக்க வைத்திருந்த எம்சீலைக் கடுகளவு உருட்டி அதே இடங்களில் வைத்துக் காயவிட்டேன். அது இன்றுவரை நிற்கிறது. எல்லாக் கீயிலும் வைத்துவிடக் கூடாது. எல்லாம் மேடாக இருந்தால் எதுவும் அடையாளம் ஆகாது.

காது

என்விடிஏவை ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கினார். முற்றிலும் இலவசம். அதற்கு முன் ஸ்கிரீன் ரீடர் என்றால் பெரும்பாலும் ஒரு கணினியின் விலையைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு மென்பொருளுக்காக அவருக்கும் அவரோடு உழைத்தவர்களுக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அதனோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் பேசும். வேகமாக ஓடும், பழகியவர்கள் அதையே விரும்புவார்கள். அத்தைக்கு அது ஒட்டவில்லை. விண்டோஸில் தமிழ் மொழித் தொகுப்போடு பேச்சையும் நிறுவினால் வள்ளுவர் என்று ஒரு குரல் கிடைக்கும். அதைப் போட்டு, வேகத்தை நன்றாகக் குறைத்து வைத்தோம். நரேட்டரை நிரந்தரமாக அணைத்தாயிற்று. ஒரே ஒருவர்தான் பேச வேண்டும்.

முதலில் சொல்லிக் கொடுத்தது எப்படி வாசிக்கச் சொல்வது என்பதை அல்ல, எப்படி வாயை மூடச் சொல்வது என்பதை. கன்ட்ரோல் கீ. எந்த நேரத்திலும் அழுத்தலாம், பேச்சு நின்றுவிடும். அது கைக்கு வந்த பிறகு அத்தைக்குக் கணினி மேலிருந்த பயம் பாதி போய்விட்டது. இரண்டாவதாக, இன்சர்ட்டும் டியும் (T) சேர்த்து அழுத்தினால் இப்போது எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்று சொல்லும். ஒரு வாரம் இந்த இரண்டு மட்டும்தான்.

டைப் செய்யும்போது என்விடிஏ ஒவ்வொரு எழுத்தையும் சொல்லும். அத்தையின் வேகத்துக்கு அது தடுமாறியது. தமிழில் 'கொ' என்பதே கணினிக்குக் ககரமும் ஒரு குறியீடுமாக இரண்டு துண்டு. இரண்டையும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருக்கும். இன்சர்ட்டோடு 2 அழுத்தி அதை நிறுத்திவிட்டு, இன்சர்ட்டோடு 3 அழுத்தி, ஒரு சொல் முடிந்ததும் அந்தச் சொல்லை மட்டும் சொல்லும்படி வைத்தோம். பழைய டைப்ரைட்டர் மாதிரி தட்டச்சு அமைப்புக் கொண்ட தமிழ் விசைப்பலகை மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். தமிழ்99 என்ற விசைப்பலகை முறைதான் சுலபம் என்று யாராவது சொல்வார்கள். புதிதாகப் பழகுபவருக்கு அது சரி. விரலில் ஐம்பது வருடமாக இருப்பதை மாற்றச் சொல்வது கொடுமை.

இங்கிலீஷ் மெயிலில் ஒரு வினோதம் நடந்தது. 15 என்று அடித்தால் "எல் ஃபைவ்" என்று வாசித்தது. மென்பொருளில் குறை என்று ஒரு மணி நேரம் தேடினேன். அத்தை பழகிய மிஷினில் 1 என்ற கீயே கிடையாது. சிறிய எல்தான் ஒன்று. ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் இங்கிலீஷ் அடிக்கும்போது அதே விரல் அதே இடத்துக்குப் போயிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரிந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. காதுதான் பிடித்தது.

மூன்று சாட்சிகள்

தமிழ் எழுத்தைப் பார்வைக் குறைவுள்ளவர் படிப்பதில் இருக்கும் சிக்கல் இங்கிலீஷுக்குச் சொல்லப்பட்ட வழிமுறைகளில் வராது. அத்தையின் கண்ணுக்கு முதலில் காணாமல் போனது புள்ளி. மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் அந்தச் சிறு வட்டம். 'பட்டம்' அவருக்குப் 'படடம' என்று தெரிந்தது. அடுத்தது நெடிலின் கீழ்க்கோடு. 'ஏரி' என்பது 'எரி' ஆயிற்று. ஏரிக்கரை ஆக்கிரமிப்பைப் பற்றிய ஒரு மனுவில் அது எத்தனை குழப்பம் தரும் என்று யோசித்துப் பாருங்கள். துணைக்காலும் ரகரமும் எப்போதுமே இரட்டைப் பிள்ளைகள். எழுத்தைப் பெரிதாக்கினாலும் புள்ளி அதே விகிதத்தில் சிறியதாகத்தான் இருக்கிறது. நிர்மலா யுஐ, லதா, நோட்டோ சான்ஸ் என்ற மூன்று எழுத்துருக்களையும் வைத்துப் பார்த்து, புள்ளி கொஞ்சம் தள்ளி நிற்பதாக அவர் சொன்ன நோட்டோவை, தடித்த வடிவில் வைத்தோம்.

புள்ளி போனதைக் காது பிடித்துவிடும். 'படடம' என்று இருந்தால் வள்ளுவர் குரல் அதை அப்படியே வாசிக்கும், அத்தை உடனே நின்றுவிடுவார். ஆனால் காதுக்கும் ஒரு குருட்டிடம் உண்டு. 'பணி', 'பனி' இரண்டையும் அந்தக் குரல் வாசித்தால் வித்தியாசம் பிடிக்க முடியாது. 'மனம்', 'மணம்' அப்படியே. ர, ற அப்படியே. லகர ளகரம் கொஞ்சம் பரவாயில்லை, வேகத்தில் அதுவும் கரைந்துவிடும். கேட்டுத் திருத்திய ஒரு மனுவில் 'பனி ஓய்வு' என்று போயிருந்தது. இது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அத்தை சொன்ன பதில் எனக்குத் தோன்றியே இருக்காது.

"ன நடுவிரல். ண சுண்டு விரல், கீழ் வரிசை. ள மோதிர விரல், ல வலது கை. என் விரலுக்குத் தெரியும்டா. அந்த மனுவை நான் அடிக்கல, எதிர் வீட்டுப் பையன் அடிச்சுக் கொண்டு வந்ததை நான் கேட்டுத் திருத்தினேன்."

சரிபார்த்தேன். அவரே அடித்த மனுக்களில் ணகர னகரப் பிழை ஒன்றுகூட இல்லை. டைப்ரைட்டிங் தெரிந்தவருக்கு எழுத்து என்பது வடிவமும் ஒலியும் மட்டுமல்ல, விரல் போகும் ஒரு திசை. இப்போது பிறர் அடித்துக் கொண்டுவரும் எதையும் அவர் திருத்துவதில்லை; உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தானே புதிதாக அடித்துவிடுகிறார். ஏதாவது சொல்லில் சந்தேகம் வந்தாலும் எழுத்து எழுத்தாக நகர்த்திப் பார்ப்பதில்லை. முழுச் சொல்லையும் அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறார்.

ஜே, கே, பி, ஓ, செமி

அத்தையிடம் பத்துப் பதினைந்து வருடத்து மனுக்கள் ஃபைலாக இருந்தன. பழைய மாதிரியை எடுத்துப் பெயரை மாற்றினால் போதும் என்று ஒன்றைத் திறந்தார். திரையில் தமிழ்தான் தெரிகிறது. குரலோ ஏதோ உளறியது. அம்புக்குறிக் கீயால் எழுத்து எழுத்தாக நகர்த்தினேன். "ஜே. கே. பி. ஓ. செமி."

அது 'தமிழ்' என்ற சொல். ஃபைல் பாமினி எழுத்துருவில் இருந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் இப்படித்தான்: உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்து, மேலே தமிழ்ச் சட்டை. கண் சட்டையைப் பார்க்கிறது, ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதை வாசிக்கிறது. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டாலும், டிடிபி கடைகளில் இன்றும் பாமினியும் வானவில்லும் ஓடுகின்றன. அப்படி அடிக்கப்பட்ட ஒவ்வொரு அறிவிப்பும் பார்வையற்றவருக்கு வெறும் உளறல். இதை யாராவது மாற்ற முடியும் என்றால் கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள்தான், இன்று முதல் மாற்றலாம். அத்தையின் ஃபைல்களை என்எச்எம் கன்வெர்ட்டர் கொண்டு யூனிகோடுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றையும் வாசிக்கவிட்டுக் கேட்டுத் தேற்ற மூன்று ஞாயிறுகள் பிடித்தன.

ஸ்கேன் செய்து படமாகப் போடும் பிடிஎஃப்பிலும் ஸ்கிரீன் ரீடருக்கு ஒன்றும் கிடைக்காது. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் அச்செழுத்தை ஓரளவு நன்றாக எடுத்துத் தருகிறது. கையெழுத்து தேறவில்லை.

பேப்பர் படிக்க எட்ஜ் பிரௌசர். எஃப் 9 அழுத்தினால் விளம்பரங்கள் விலகி செய்தி மட்டும் நிற்கும், எல்லாப் பக்கத்திலும் அல்ல. கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ அழுத்தினால் பிரௌசரே வாசிக்கும். அதில் பல்லவி என்றொரு பெண் குரல் இருக்கிறது, ஒரு மனுஷி வாசிப்பது போலவே இருக்கும். இணையம் இருந்தால்தான் வரும். தலைப்பு விட்டுத் தலைப்புத் தாவ என்விடிஏவில் எச் கீ.

கரண்ட் போன மதியம்

மூன்றாம் மாதம் ஒரு மதியம் கரண்ட் போய் வந்தது. கணினி தானே எழுந்து உள்நுழைவுத் திரையில் நின்றது. குரல் இல்லை. உள்ளே நுழைந்த பிறகுதான் என்விடிஏ எழும்படி வைத்திருந்தேன். அத்தைக்குக் கணினி ஓடுகிறதா செத்துவிட்டதா என்றே தெரியவில்லை. மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு, தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்து எனக்குப் போன் செய்தார். அந்தக் குரலில் இருந்த குற்ற உணர்வை என்னால் மறக்க முடியவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

என்விடிஏவின் பொது அமைப்பில், உள்நுழையும் திரையிலும் இயங்கு என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டேன். ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தேன். ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, திருகும் குமிழ் உள்ள வயர் ஸ்பீக்கர் வைத்தேன். ப்ளூடூத் எப்போது வேறு கருவியோடு போய் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. குரலை நம்பியிருப்பவருக்கு ஒலி போனால் திரையே போன மாதிரி. எங்காவது சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், என். என்விடிஏ திரும்ப எழும். அதை ஒரு மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார்.

தூரத்திலிருந்து உதவ விண்டோஸில் இருக்கும் க்விக் அசிஸ்ட் போதும். ஒரே ஒரு விதி வைத்தோம்: போன் செய்து கணினியைத் திறக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லி வைத்துவிட வேண்டும். நான் கூப்பிட்டால் மட்டும், அதுவும் எங்கள் வீட்டில் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை நான் சொன்ன பிறகு.

திரையில் கோலம்

இதை எழுதலாமா என்று அத்தையிடமே கேட்டேன். எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும் என்றார்.

ஒரு நாள், "திரையில கோலம் தெரியுது, நெளி நெளியா, வெளிர் நீலத்துல" என்றார். கேபிளை மாற்றினேன். வேறு மானிட்டர் வைத்துப் பார்த்தேன். நான் பார்த்தால் ஒன்றும் இல்லை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: சுவரிலும் தெரிகிறது. சாயங்காலம் முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்பது போலவும் தெரிகிறது. பேசுவதில்லை, சும்மா நிற்கிறார்கள். புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்து இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லையாம்.

மருத்துவர் கேட்டதுமே சொல்லிவிட்டார், சார்லஸ் போனே நோய்க்குறி. ஜெனீவாவைச் சேர்ந்த போனே 1760இல் தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதிவைத்ததால் அந்தப் பெயர். கண்ணிலிருந்து செய்தி வராமல் போகும்போது மூளை தானாகவே படம் போட்டு நிரப்புகிறது. கோலம் மாதிரி வடிவங்கள், முகங்கள், ஆட்கள். மனநோய் அல்ல. காண்பவருக்கு அது உண்மை இல்லை என்றும் தெரியும். அதைக் கேட்டு வெளியே வந்ததும் அத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். கணினி ரிப்பேர் செய்யப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் திரையில் இல்லாததைத் தெரிகிறது என்று சொன்னால், ஒன்றும் இல்லையே என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

இப்போது

ஒரு வருடம் தாண்டிவிட்டது. கடைசிச் சோதனையில் இடது கண் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எழுத்தளவை நான் மாற்றவில்லை, அவரும் கேட்கவில்லை. எழுத்தைக் கண்ணால் வாசிப்பதை அவர் எப்போது விட்டார் என்று எங்கள் இருவருக்குமே நினைவில்லை. பேத்தி படத்துக்கு மட்டும் விண்டோஸ் கீயும் பிளஸ்ஸும் அழுத்தி முகத்தைப் பெரிதாக்கி, மானிட்டரை மூக்குக்கு அருகே இழுத்து, தலையைச் சாய்த்து ஓரத்தால் பார்க்கிறார். குரலின் வேகத்தை இரண்டு முறை கூட்டச் சொன்னார்.

தீராதவை இருக்கின்றன. ஓய்வூதிய வேலைக்காக ஒரு தளத்தில் நுழைய வேண்டியிருந்தது. வளைந்து நெளிந்த எழுத்துகளைப் படித்து அடி என்று கேட்கிறது, ஒலி வழி இல்லை. அதற்கு இன்னமும் நான்தான் போகிறேன். கையால் எழுதிக் கொண்டுவரும் மனுக்களைப் பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் வந்து வாசித்துக் காட்டுகிறாள். அந்தப் பெண்ணுக்கு அத்தை சாயங்காலங்களில் டைப்பிங் சொல்லிக் கொடுக்கிறார். மானிட்டரை அணைத்துவிட்டு.

போன வாரம் போன் செய்தார். எஃப் 9இல் வைத்த எம்சீல் கொஞ்சம் தேய்ந்துவிட்டதாம், வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வா என்றார்.